மான்மேல் நின்றவளும் பரண்மேல் நின்றவளும்
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பெண் தொல்படிமங்களை, அதாவது கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பெண் வார்ப்புகளைப் பற்றி வந்த கட்டுரைக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. யாருக்கும் கட்டுப்படாமல் காட்டையும் கடலையும் நேசித்துத் திரியும் பெண் மனத்துக்குக் கிரேக்கர் ஆர்ட்டெமிஸ் என்ற வேட்டைத் தெய்வத்தின் பெயர் வைத்தார்கள், நம்மிடமும் அதற்கு உருவங்கள் உண்டு என்பதுதான் அக்கட்டுரையின் சாரம். கடிதங்களில் பெரும்பாலானவை திருகோணமலை மாவட்டத்திலிருந்தே வந்தவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: இணையத்தில் ஒரு பரீட்சை செய்தேன். இருபது கேள்விக்குப் பதில் சொன்னதும் “நீங்கள் ஆர்ட்டெமிஸ்” என்று வந்தது. தோழிக்கு “ஹீரா” வந்தது. இதற்கும் இராசி பலனுக்கும் என்ன வித்தியாசம்?
– வங்கி ஊழியர், உப்புவெளி

அந்தப் பரீட்சையை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. “மலை பிடிக்குமா, மாளிகை பிடிக்குமா” என்று கேட்டு, மலை என்றவருக்கு ஆர்ட்டெமிஸ் என்று சொல்வதில் என்ன கண்டுபிடிப்பு இருக்கிறது? நீங்கள் போட்டதையே திருப்பி எடுத்துத் தருகிறது, அவ்வளவுதான்.

தொல்படிமம் என்ற எண்ணத்தை உளவியலுக்குள் கொண்டுவந்த கார்ல் யுங் (1875–1961) மனிதரை வகை பிரிக்க அதைச் சொல்லவில்லை. கனவிலும் கதையிலும் சடங்கிலும் திரும்பத் திரும்ப எழுந்து வரும் வார்ப்புகளைத்தான் அவர் அப்படி அழைத்தார். அவரோடு வேலை செய்த டோனி வொல்ஃப், பெண் மனத்துக்குத் தாய், தோழி, வீராங்கனை, குறிசொல்பவள் என்று நான்கு வடிவங்களைச் சொன்னார். ஏழு கிரேக்கத் தெய்வங்களை வைத்துப் பேசும் முறையைப் பரப்பியது, ஜீன் ஷினோடா போலன் என்ற மனநல மருத்துவர் 1984இல் எழுதிய நூல். அதில் ஆர்ட்டெமிஸ், அதீனா, ஹெஸ்தியா மூவரும் தம்மளவில் நிறைந்தவர்கள். ஹீரா, டிமீட்டர், பெர்செபனி மூவரும் உறவை நம்பி வாழ்ந்து, அது முறியும்போது தாமும் முறிபவர்கள். அஃப்ரோடைட்டி தனி ரகம். ஒரே பெண்ணுக்குள் பலர் இருப்பார்கள், வயதுக்கும் சூழலுக்கும் ஏற்ப ஒருத்தி முன்னால் வருவாள் என்பதுதான் அந்த முறையின் உயிர். பரீட்சைகள் இதைத்தான் விட்டுவிடுகின்றன.

பயனுள்ளதாகச் செய்ய வேண்டுமானால் ஒரு தாளில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: பதினெட்டு வயதில், இருபத்தைந்தில், இப்போது. ஒவ்வொன்றிலும் அந்த வயதில் நீங்கள் உண்மையில் செய்த மூன்று முடிவுகளை எழுதுங்கள். ஆசைப்பட்டவை வேண்டாம், செய்தவை மட்டும். பிறகு அந்த முடிவை உங்களுக்குள் இருந்து எடுத்தது யார் என்று பாருங்கள். மூன்று பத்தியிலும் ஒரே பெயர் வந்தால் சந்தேகப்படுங்கள். உங்களுக்குப் பிடித்த பெயரைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதே தாளை உங்கள் அக்காவிடமோ தோழியிடமோ கொடுத்து உங்களைப் பற்றி நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு தாளும் எங்கே முட்டுகின்றனவோ அங்கேதான் கதைக்க விஷயம் இருக்கும். வேலைக்கு ஆள் எடுக்கவோ மாப்பிள்ளை பொருத்தம் பார்க்கவோ இதைப் பயன்படுத்தாதீர்கள். அளந்து பார்த்து நிறுவிய கருவி அல்ல இது.

கேள்வி: ஆர்ட்டெமிஸ்தான் நமது கொற்றவை என்று கட்டுரையில் ஒரு வரி வந்தது. அது சரியா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருகோணமலை நகர்

பாதி சரி. வில், மான், காடு, கன்னிமை, இரத்தம் ஆகிய ஐந்தும் இருவருக்கும் பொது. அதற்கு மேல் பாதை பிரிகிறது.

கிரேக்கப் புலவர் கல்லிமாக்கஸ் பாடிய துதியில், சிறு குழந்தையான ஆர்ட்டெமிஸ் தகப்பன் சியூஸின் மடியில் இருந்துகொண்டு கேட்பவற்றைப் பாருங்கள்: என்றும் கன்னியாக இருக்க வரம், வில்லும் அம்பும், வேட்டைக்கு ஓட வசதியாக முழங்கால் வரை மட்டும் வரும் உடுப்பு, ஆடிப்பாட ஒன்பது வயதுச் சிறுமியர் அறுபது பேர், சப்பாத்தையும் நாய்களையும் கவனிக்க இருபது பேர், உலகிலுள்ள மலைகள் எல்லாம். நகரம் மட்டும் ஏதாவது ஒன்று போதும் என்கிறாள். உடுப்பின் நீளத்தைக்கூடத் தானே தீர்மானிக்கும் பிள்ளை அவள். பிள்ளைப்பேற்றில் பெண்கள் கூப்பிடும் தெய்வமும் அவளே. ஆனால், குளிப்பதைப் பார்த்துவிட்ட அக்தியோன் என்ற வேட்டைக்காரனை மானாக்கி அவனுடைய நாய்களையே ஏவிக் கிழிக்க வைத்தவளும் அவள்தான். வாழ்த்து அட்டைகளில் பூமாலையோடு வரும் சாந்தமான வனதேவதைக்கும் இவளுக்கும் சம்பந்தம் இல்லை.

போர்த் தெய்வமான கொற்றவை தொல்காப்பியத்திலேயே வருகிறாள், புறத்திணையியலில், ஆநிரை கவரும் வெட்சிப் போரோடு சேர்த்து. ஆர்ட்டெமிஸ் வேட்டைக்காரி, கொற்றவை வெற்றிக்காரி. மான் ஆர்ட்டெமிஸுக்குப் பக்கத்தில் நிற்கும். கொற்றவையோ கலைமானின் மேலேயே ஏறி நிற்பாள். எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம், கொற்றவை முருகனுக்குத் தாய். திருமுருகாற்றுப்படை முருகனைக் கொற்றவையின் சிறுவன் என்றே விளிக்கிறது. கன்னியும் தாயும் ஒரே உருவத்தில் இருப்பதில் நம் முன்னோருக்கு எந்தத் தடுமாற்றமும் இருக்கவில்லை. ஏழு தெய்வ முறையிலோ ஆர்ட்டெமிஸ் ஒரு பெட்டி, தாயான டிமீட்டர் வேறு பெட்டி. கொற்றவை அந்தப் பெட்டிகளுக்குள் அடங்கமாட்டாள். அதனால்தான் “பாதி” என்கிறோம்.

கேள்வி: பாடசாலைத் தமிழ்த் தினத்துக்குச் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியை மாணவிகளை வைத்து மேடையேற்ற விரும்புகிறேன். கொற்றவை வேடத்தை எப்படிச் செய்வது? கடையில் வாங்கிய அம்மன் உடுப்புப் போதுமா?
– ஆசிரியை, மூதூர்ப் பக்கம்

போதாது, ரீச்சர். பட்டுச் சேலையும் சூலமும் வந்தால் அது நவராத்திரி நாடகமாகிவிடும். சிலப்பதிகாரத்தில் சாலினி என்ற குறிசொல்பவள் தெய்வமேறிப் பேசிய பிறகு, எயினர் என்ற வேட்டுவர் தங்கள் குலத்துக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கிறார்கள். என்னென்ன அணிவித்தார்கள் என்று இளங்கோ ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். எல்லாம் காட்டுப் பொருள்.

முடி: கூந்தலை உயர்த்திக் கட்டி, வெள்ளைப் பாம்புக் குட்டி ஒன்றை நாணாகச் சுற்றியிருப்பது போல வர வேண்டும். கட்டைவிரல் தடிப்பில் பருத்திக் கயிறு ஒன்றரை மீற்றர் எடுத்து வெள்ளைத் துணியால் சுற்றித் தையுங்கள். தலைப் பக்கத்தில் பஞ்சு வைத்து, கண்ணுக்குக் கறுப்பு நூலால் இரண்டு முடிச்சு. வளைந்து நிற்பதற்கு உள்ளே மெல்லிய கட்டுக் கம்பி விடலாம். கம்பியின் இரு நுனியையும் மடித்து பிளாஸ்டர் ஒட்டாவிட்டால் பிள்ளையின் தலையில் குத்தும். முழு முடியும் கால் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பாரம் கூடினால் பிள்ளை குனிந்ததும் முடி சரியும், பிறகு நாடகம் முழுக்க ஒரு கை தலையிலேயே இருக்கும்.

பிறை: பன்றிக் கொம்பைப் பிறையாகச் சாத்துகிறார்கள். காட்போட் அட்டையில் 12 சென்ரிமீற்றர் நீளத்தில் வளைவாக வெட்டி, மேலே பத்திரிகைத் தாள் ஒட்டுங்கள். பசைக்கு ஒரு கப் கோதுமை மாவுக்கு நாலு கப் தண்ணீர். கட்டி விழாமல் கிண்டிக் காய்ச்சி, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போடுங்கள், பூஞ்சணம் பிடிப்பது குறையும். நான்கு படை ஒட்ட வேண்டும். ஒரு படை நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஒட்டினால் உள்ளே அழுகி மேடை வெளிச்சத்தின் சூட்டில் நாறும். மாரி மாதங்களில் ஒரு படை காய இரண்டு நாள்கூட எடுக்கும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள்.

தாலி: புலிப்பல் கோத்த மாலை. அதே தாள் பசையில் 4 சென்ரிமீற்றர் பல்லாகப் பதினைந்து போதும். ஈரமாக இருக்கும்போதே ஊசியால் துளை போட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு குத்தினால் வெடிக்கும். பல்லுக்குப் பல் இடையில் ஒரு முடிச்சு. இல்லாவிட்டால் எல்லாம் நடுவில் வந்து குவியும். களிமண் வேண்டாம், பாரம். யார் வீட்டிலோ உண்மையான பல் இருக்கிறது, மான் கொம்பு இருக்கிறது என்று பிள்ளைகள் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். வனசீவராசிகள் சட்டத்தில் வீண் சிக்கல்.

உடை: வரியும் புள்ளியும் கலந்த தோல் என்கிறது பாட்டு. இரண்டு மீற்றர் பழுப்பு நிறப் பருத்தித் துணியில் கோடும் புள்ளியும் இரண்டுமே தீட்டுங்கள். கடையில் கிடைக்கும் சிறுத்தைப் புள்ளித் துணியை வாங்கிச் சுற்றுவதுதான் எல்லோரும் விடும் பிழை.

வில் கறுப்பு. நாலடி மூங்கிற் பிளாச்சு ஒன்றை நெருப்பில் லேசாக வாட்டி வளைத்து, கறுப்புப் பூசி, வில்லை விட ஓர் அரை அடி குறைந்த நாணைக் கட்டினால் வளைவு நிற்கும். அம்பு கொடுக்காதீர்கள். பாட்டிலும் கையில் வில்லைத்தான் கொடுக்கிறார்கள். கலைமானுக்கு ஒன்றரை அடி உயரப் பலகை முக்காலி, முன்னால் அட்டையில் மான் தலை, காய்ந்த கிளையில் கொம்பு. முக்காலியில் முதலில் நீங்கள் ஏறி நின்று பாருங்கள். உங்களைத் தாங்கினால் பிள்ளையைத் தாங்கும்.

இனி, பலரும் கவனிக்காத ஓரிடம். அந்தக் குமரியின் முன் எயினப் பெண்கள் படைக்கும் பொருள்களில் பாவை, கிளி, காட்டுக்கோழி, மயில், பந்து, விளையாட்டுக் காயான கழங்கு எல்லாம் இருக்கின்றன. பிறகு சாந்தும் சுண்ணமும், அவித்த பயறும், எள்ளுருண்டையும், நிணச் சோறும். உயிர்ப்பலி கேட்கும் தெய்வத்துக்கு விளையாட்டுப் பந்து! அவள் இன்னும் சிறுமிதான் என்பது அந்த வரியில் இருக்கிறது. படையல் வரிசையைச் சுருக்கினாலும் பந்தையும் கழங்கையும் விடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: சாலினிக்கு உருவேறும் காட்சியை இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். வேகமாக மூச்சு இழுத்து ஆடும் பிள்ளைக்குத் தலை சுற்றும், விரல்கள் விறைக்கும். பார்ப்பவர்கள் உண்மையாகவே உருவந்துவிட்டது என்று கற்பூரத்தோடு ஓடிவருவார்கள். ஆட்டத்தைக் காலிலும் தோளிலும் வைத்து, மூச்சைச் சாதாரணமாக விடப் பழக்குங்கள். பறையும் கைமணியும் போதும்.

கேள்வி: கண்ணகியைச் சுதந்திரப் பெண் என்று எப்படிச் சொல்ல முடியும்? கணவன் பின்னால் போனவள்தானே?
– வாசகி, தம்பலகாமம்

நீங்கள் சொல்வதற்குச் சான்று அதே வேட்டுவ வரியில் இருக்கிறது. சாலினி கண்ணகியைப் பார்த்து, இவள் கொங்கச் செல்வி, குடமலையாட்டி, உலகத்துக்கே மாமணி என்றெல்லாம் புகழ்கிறாள். கண்ணகி என்ன செய்கிறாள்? இந்த மூதாட்டி ஏதோ மயக்கத்தில் உளறுகிறாள் என்று சொல்லி, கோவலனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி ஒரு சிறு புன்னகை செய்கிறாள். அந்த முதுகு மறைந்த பிறகுதான் மதுரை எரிகிறது. கொற்றவை கோவிலில் வைத்து அவளுக்கு அவளையே காட்டினார்கள், அவள் அப்போது நம்பவில்லை. சுதந்திரம் அவள் இயல்பாகவே கொண்டுவந்தது அல்ல; இழப்பு திறந்துவிட்டது. ஆகவே கண்ணகியை ஆர்ட்டெமிஸ் வரிசையில் வைப்பது எங்களுக்கும் சம்மதமில்லை.

ஆனால் கிழக்கிலங்கை அவளை வைத்திருக்கும் விதம் தனி. வைகாசியில் கண்ணகி அம்மன் கோவில் கதவு திறந்து, அவள் கதையான வழக்குரையைப் படித்து, கடைசியில் குளிர்த்திப் பாட்டுப் பாடி அவளைக் குளிரப் பண்ணுகிறார்கள். கோபத்தை அடக்கு என்று இங்கே யாரும் அவளிடம் சொல்வதில்லை. அவளுடைய வழக்கை முதலிலிருந்து முடிவுவரை ஊரே இருந்து கேட்கிறது. குளிர்த்தி அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறக் கூடாது என்பதைக் கோபமாக இருக்கும் பெண்ணிடம் “கொஞ்சம் ஆறு” என்று முதலிலேயே சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. கலியாணம் வேண்டாம் என்கிறாள். விடிந்தால் கடல், இல்லாவிட்டால் குளக்கட்டு. இவள் ஆர்ட்டெமிஸ் வகையா? இது மாறுமா?
– ஒரு தாய், நிலாவெளி

அம்மா, வகை எதுவாக இருந்தாலும் அவள் உங்கள் பிள்ளை. பெயரை ஒட்டிவிட்டால் நீங்கள் பெயரோடு கதைப்பீர்கள், பிள்ளையோடு கதைக்கமாட்டீர்கள்.

நம் கதைகளில் தனித்து நின்ற பெண்கள் கொடுத்த விலையைப் பாருங்கள். ஔவை, பிள்ளையாரிடம் கேட்டு இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கினாள் என்கிறது கதை. காரைக்கால் அம்மையார் அழகிய உடம்பை உதறிப் பேயுருவம் கேட்டார். அல்லிராணி ஆண் துணையில்லாமல் அரசாண்டாள். அவள் தூங்கும்போது பாம்பு வடிவில் புகுந்து அருச்சுனன் தாலியைக் கட்டிவிட்டான். மன்னார் அரிப்பில் இடிந்து நிற்கும் வெள்ளைக்காரத் தேசாதிபதியின் மாளிகையைக்கூட நம் சனங்கள் அல்லிராணி கோட்டை என்றுதான் சொல்கிறார்கள். அவளை மறக்கவும் மனமில்லை, விட்டுவைக்கவும் மனமில்லை. இளமையும் உடம்பும் முழுதாக இருக்கும்போதே ஒருத்தி தனியாக நடக்கலாம் என்று சொல்லும் கதை நம்மிடம் குறைவு. உங்கள் பயம் அங்கிருந்தும் வருகிறது.

செய்யக்கூடியவை இவை. அவள் பெயரில் வங்கிக் கணக்கும், கையில் ஒரு தொழிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நீந்தத் தெரியுமா, முதலுதவி தெரியுமா என்று கேளுங்கள். எங்கே போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் அதை மதியுங்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டு அதைக் கெடுக்காதீர்கள். கடலுக்குப் போவது மகிழ்ச்சிக்கா, வீட்டிலிருந்து தப்பவா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. சாப்பாடு குறைந்து, நித்திரை கெட்டு, பிடித்த ஆட்களையும் தவிர்த்தால் அதைத் தொல்படிமத்தில் போடாதீர்கள். வைத்தியரிடம் போகலாம், அல்லது தேசிய மனநல உதவி எண் 1926க்கு அழைக்கலாம்.

கேள்வி: தனியாக இயற்கையோடு இருக்க ஆசை. எப்படித் தொடங்குவது? ஒருமுறை கடற்கரையில் போய் இருந்தேன், பத்து நிமிடத்தில் போனை எடுத்துவிட்டேன்.
– பல்கலைக்கழக மாணவி, சாம்பல்தீவு

இடத்தைப் பெரிதாக எடுத்ததுதான் காரணம். முழுக் கடலைப் பார்த்தால் கண்ணுக்குப் பிடி கிடைக்காது. ஒரு மரம், ஒரு வேலி, குளக்கட்டில் பத்தடி போதும். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்கட்டும். தூரமாக இருந்தால் மூன்றாம் நாளே சாட்டு வந்துவிடும்.

ஒரே இடம், ஒரே நேரம், இருபது நிமிடம். ஒரு நிலவு வட்டம் முழுக்கச் செய்யுங்கள். போனை நிறுத்த வேண்டாம், பாதுகாப்புக்குத் தேவை. சத்தத்தை மட்டும் குறைத்துப் பைக்குள் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் உங்களைக் கண்டு அடங்கிய பறவைகள் மறுபடி சத்தம் போடத் தொடங்கும் வரை அசையாமல் இருங்கள். பலர் எழும்பிப் போவதே அந்த நேரத்தில்தான், பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்து.

ஒரு கொப்பியில் ஐந்து பத்தி: திகதியும் பிறையும், காற்று, முதலில் கேட்ட ஒலி, நகர்ந்த ஏதாவது ஒன்று, கடைசியாக உங்கள் மனநிலை. மனநிலையைக் கடைசியில் வைப்பது வேண்டுமென்றேதான். முதலில் வைத்தால் பக்கம் முழுக்க மனமே வந்து இருந்துவிடும், காற்றுக்கு இடம் இருக்காது. முதல் வாரம் “காகம், காகம், காகம்” என்றுதான் வரும். பரவாயில்லை. பிறகு காகம் எதைப் பார்த்துக் கத்தியது என்று எழுதத் தொடங்குவீர்கள். ஆட்காட்டிக் குருவியின் சத்தத்தைப் பழகிவையுங்கள். ஆளோ நாயோ வந்தால் உங்களுக்கு முன் அதற்குத் தெரியும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அதைவிட நல்ல காவல் இல்லை.

காலத்தைப் பார்த்துச் செய்யுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை வெளியே இருப்பது மண்டைக் காய்ச்சலைத் தேடிப் போவது. மணிக்கு அரை லீற்றர் தண்ணீர், நீளக் கை, மூடிய சப்பாத்து. ஒக்டோபர் கடைசியிலிருந்து தை வரை வாடையில் கடல் முறுகும், அப்போது கரையோடு நில்லுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. அப்போதும் இழுவை பிடித்தால் கரையை நோக்கி நேராக நீந்தாதீர்கள். கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் நீந்தி இழுவையை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். நேராக நீந்துபவர்கள் களைத்துத்தான் தாழ்கிறார்கள். குளத்திலும் களப்பிலும் முதலை இருக்கும், தண்ணீர் விளிம்பிலிருந்து நாலைந்து மீற்றர் தள்ளி இருங்கள். யானை வரும் ஊர்ப் பக்கம் விடியலிலும் மைம்மலிலும் தனியே போக வேண்டாம்.

பாம்பு கடித்தால் மோதிரம், காப்பைக் கழற்றி, கடித்த காலை அசைக்காமல் வைத்து 1990 இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டிய காலில் இரத்தம் ஓடாமல் தசை சாகும், கீறிய இடத்தில் இரத்தம் நிற்காது. புடையன் கடியில் இரண்டும் ஆபத்து.

மனிதரால் தொந்தரவு வந்தால் 119, பெண்களுக்கான உதவி எண் 1938. வீட்டில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லி, அரை மணி தாண்டினால் அழைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரெட்ரிக் கோட்டை மான்களுக்குச் சாப்பாடு கொடுப்பது நல்லதா? கோணேசர் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் கொடுக்கிறோம்.
– குடும்பத் தலைவி, திருகோணமலை நகர்

வேண்டாம். பழத்தோடு பொலித்தீன் பையும் வயிற்றுக்குள் போகிறது, அது வெளியே வராது. உப்புத் தீன் வாசத்துக்குப் பையையே மெல்லும். கையால் ஊட்டிப் பழகிய மான் வீதிக்கு வரும், வாகனத்தில் அடிபடும். கிளையாக விரிந்த கொம்போடு நிற்கும் கலையின் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், பிணை தேடும் காலத்தில் அது யாரென்று பார்க்காது முட்டும். பத்து மீற்றர் தள்ளி நின்று பாருங்கள், பையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பெண்ணின் மாதச் சுற்று நிலவோடு ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் இயற்கையிலிருந்து விலகிவிட்டோம் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள்.
– வாசகி, கந்தளாய்

பயப்படாதீர்கள். நிலவு வட்டம் 29.5 நாள். மாதவிடாய்ச் சுற்று 21 முதல் 35 நாள் வரை இருப்பது சாதாரணம். இரண்டும் சில மாதம் சேரும், பிறகு விலகும். நாட்குறிப்பு வைப்பது நல்ல பழக்கம், ஆனால் பௌர்ணமிக்காக அல்ல: சுற்று 21 நாளுக்குள் வந்தாலோ, 35 தாண்டினாலோ, இரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைந்தாலோ வைத்தியருக்குக் காட்ட அந்தக் குறிப்புத்தான் உதவும்.

கேள்வி: எல்லாம் இந்துக் கதையாகவும் கிரேக்கக் கதையாகவும் இருக்கிறதே. முஸ்லிம்களான எங்களுக்கு யாரும் இல்லையா?
– கல்லூரி மாணவி, கிண்ணியா

இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரா நாயகியை எப்படி மறக்க முடியும்? ஆளில்லாப் பாலையில் கைக்குழந்தையோடு தனித்து விடப்பட்டு, தண்ணீர் தேடி ஸபா, மர்வா என்ற குன்றுகளுக்கு இடையே ஏழு தடவை ஓடியவர். வானத்தைப் பார்த்து அழுதுகொண்டு இருக்கவில்லை, நிலத்தில் தேடினார். ஸம்ஸம் ஊற்று அதன் பிறகு வந்தது. இன்றைக்கு ஹஜ்ஜுக்குப் போகும் அரசனும் ஏழையும், ஆணும் பெண்ணும், அந்த ஒரு பெண்ணின் காலடியைத் தொடர்ந்து ஏழு தடவை நடக்கிறார்கள். ஒரு பெண்ணின் தேடல் வணக்கமாகவே மாறியதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எங்களுக்குத் தெரியாது. ஒன்று மட்டும்: நம்பிக்கையாளருக்கு அவர் வரலாறு, வார்ப்பு அல்ல. “ஹாஜரா வகை” என்று பரீட்சை வைக்கத் தொடங்காதீர்கள்.

கேள்வி: அமேசான் பெண்கள் வில் பிடிக்க ஒரு மார்பை அறுத்தார்கள் என்பது உண்மையா?
– க.பொ.த. உயர்தர மாணவி, திருகோணமலை

இல்லை. கிரேக்கர் வரைந்த சாடிகளிலும் செதுக்கிய சிலைகளிலும் அவர்களுக்கு இரண்டும் இருக்கின்றன. வில் பிடிக்க மார்பு தடையும் அல்ல. இன்றைய வில்வித்தை வீராங்கனைகளைப் பாருங்கள். கருங்கடலுக்கு வடக்கே சித்தியர் புதைகுழிகளில் ஆயுதங்களோடு அடக்கம் செய்யப்பட்ட பெண்கள் கிடைத்திருக்கிறார்கள். கதைக்கு அடியில் அவர்கள் இருந்திருக்கலாம்.

கேள்வி: வெருகலிலிருந்து கதிர்காமப் பாதயாத்திரையில் சேர ஆசை. வயது 46, துணைக்கு வீட்டில் யாரும் வரமாட்டார்கள். வள்ளியை நினைத்து நடக்க வேண்டும்.
– வாசகி, ஈச்சிலம்பற்று

வள்ளியை நினைக்க அதைவிட நல்ல வழி இல்லை. கதிர்காமத்தில் ஆடித் திருவிழா இரவுகளில் முருகன்தான் புறப்பட்டு வள்ளி கோவிலுக்குப் போகிறார், அவள் வருவதில்லை. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று, ஆலோலம் பாடி, கவணில் கல் வைத்துக் கிளி ஓட்டியவள். வேலை தெரிந்த பெண். வேலன், வேடன், கிழவன் என்று மாறி மாறி வந்து அலைந்தவர் அவர்தான்.

வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து வரும் யாத்திரிகர்கள் திருகோணமலை வழியாகத்தான் வெருகலுக்கு வருவார்கள், அங்கே சேர்ந்துகொள்ளலாம். பெண்கள் பலர் இருக்கும் குழுவைத் தேடி, தலைவரிடம் முன்பே மூன்று விஷயம் கேளுங்கள்: இரவில் எங்கே தங்குவார்கள், பெண்களுக்கு மலசலகூட ஏற்பாடு என்ன, மாதவிடாய் நாளில் அவர்கள் வழக்கம் என்ன. கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டு நடுவழியில் அழுத பெண்கள் நிறைய. உகந்தையிலிருந்து காட்டு வழி குமுக்கன் ஆற்றைக் கடந்து யால வனத்தின் ஊடாகப் போகும். அந்தப் பாதை அறிவித்த நாள்களில் மட்டும் திறக்கும், தனியே நுழைய விடமாட்டார்கள். காட்டுக்குள் ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும் என்று கணக்கு வையுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பே நடையைத் தொடங்குங்கள். முதல் வாரம் நாளுக்கு மூன்று கிலோமீற்றர், வாரா வாரம் இரண்டு கூட்டி, கடைசியில் பதினைந்தைத் தொடுங்கள். அதில் இரண்டு நாளாவது சுமையோடு, மணலில். தார் வீதியில் மட்டும் பழகியவர்களுக்கு மணலில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சுமை ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். இரண்டு உடுப்பு, ஒரு போர்வை, டோர்ச், சீனியும் உப்பும் கலந்து கரைக்கும் ஜீவனி பக்கற் நாலைந்து, குளோரின் மாத்திரை, உங்கள் வழக்கமான மருந்து யாத்திரை முடியும்வரைக்கும். மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பையில் வையுங்கள்.

புதுச் செருப்போடு புறப்படாதீர்கள். வெறுங்காலில் நடப்பது நேர்த்தி என்றால் மத்தியானத் தார் வீதியை மட்டும் தவிருங்கள். வெந்த பாதம் காட்டுக்குள் ஆறாது. விரல் இடுக்கில் காலையும் மாலையும் தேங்காயெண்ணெய். காலில் ஓரிடம் சூடாக உணர்ந்த உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், அடுத்த மடம் வரட்டும் என்று நடந்தால் கொப்புளம் வந்துவிடும். வந்த கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். பெரிதாகி நடக்க முடியாவிட்டால் மட்டும், நெருப்பில் காட்டி ஆறவிட்ட ஊசியால் ஓரத்தில் ஒரு துளை போட்டு நீரை வடித்து, தோலை அப்படியே படியவிட்டு மேலே சுத்தமான துணி கட்டுங்கள். நீரிழிவு இருந்தால் அந்த ஊசி வேலையும் வேண்டாம், வெறுங்காலும் வேண்டாம். புறப்படுமுன் கிளினிக்கில் பாதத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.